மைனஸ் 21 டிகிரியில் கானல்

முதல் நாள் காலையில் எடுத்தவை 1,140 படங்கள். அன்று இரவு விடுதியில் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. பாதி வீணாகியிருந்தால் கைப்பழக்கம் போதவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அத்தனையும் வீண் என்றால் குற்றவாளி வேறு யாரோ. அது யார் என்று கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். குளிர்நாட்டில் பறவைப் படம் எடுக்கப் போகும் நம் ஊர்க்காரர்கள் பலரும் இதே பள்ளத்தில் விழுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடம், ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கிழக்கே குஷிரோ சதுப்பு நிலத்தை ஒட்டியுள்ள ட்சுருயி கிராமம். 'ட்சுரு' என்றால் கொக்கு. கொக்கு குடியிருக்கும் ஊர் என்பதே பெயரின் பொருள். நம் வயல்வரப்பில் நிற்கும் கொக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வட இந்தியாவின் சாரசுக் கொக்கின் குடும்பம். ஒன்றரை மீட்டர் உயரம், விரித்தால் இரண்டே கால் மீட்டரைத் தாண்டும் இறக்கை, வெள்ளை உடல், கறுப்புக் கழுத்து, உச்சந்தலையில் சிவப்புத் திட்டு. ஜப்பானியர்கள் தான்ச்சோ என்பார்கள். நிற்கும்போது வால் கறுப்பாகத் தெரியும். உண்மையில் வால் வெள்ளைதான். மடக்கிய இறக்கையின் பின்பக்கத்துக் கறுப்பு இறகுகள் அதன்மேல் முந்தானைபோல் விழுந்து கிடக்கின்றன. பறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வேட்டையாலும் சதுப்புகள் வயலாக்கப்பட்டதாலும் இந்தப் பறவை ஜப்பானில் அற்றுப்போய்விட்டது என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1924-ல் குஷிரோ சதுப்பில் ஒரு சிறு கூட்டம் மட்டும் எஞ்சியிருப்பது தெரிந்தது. 1950 வாக்கில் கடுங்குளிரில் இரையின்றித் தவித்த கொக்குகளுக்கு அக்கான் பகுதியிலும் ட்சுருயியிலும் விவசாயிகள் மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள். இன்று ஹொக்கைடோவில் 1,800-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் இருக்கின்றன. ஒரே இடத்தில் இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்பதால், போடும் தீவனத்தை அரசு இப்போது படிப்படியாகக் குறைத்துவருகிறது.

பகலில் தீவனத் திடலில் நிற்கும் கொக்குகள் இரவில் செட்சுரி ஆற்றுக்குள் இறங்கித் தூங்குகின்றன. ஊற்று நீர் கலப்பதால் அந்த ஆறு உறைவதில்லை. காற்று மைனஸ் 20-க்கு இறங்கினாலும் தண்ணீர் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கும். காலைத் தண்ணீரில் வைத்திருப்பதுதான் அங்கே கதகதப்பு. நரியும் வராது. காற்றசைவு இல்லாத தெளிந்த இரவுக்குப் பிறகு ஆற்றிலிருந்து ஆவி எழுந்து கரையோர மரங்களில் உறைபனியாகப் படியும். ஒவ்வொரு சுள்ளியும் வெள்ளை பூசிக்கொண்டு நிற்க, கீழே ஆவிக்குள் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும். இதைப் பார்க்கக் கட்டணமில்லாத ஒரே இருக்கை, ஆற்றின் குறுக்கே உள்ள ஓதோவா பாலம். ஆற்றங்கரைக்கு யாரும் இறங்குவதில்லை. கொக்குகள் வெகு தொலைவில் நிற்பதால் 600 மி.மீ. லென்ஸும் போதாமல்தான் இருக்கும்.

நாங்கள் இருவர். அண்ணன் என்று நான் கூப்பிடும் நண்பர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பறவைப் படத்தில் இருபது வருட அனுபவம். அந்த அனுபவம் முழுவதும் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கோடியக்கரையில் சேர்ந்தது. எங்களுக்குத் தெரிந்த உச்சக் குளிர், ஊட்டியில் ஜனவரி மாதப் புல்மேல் படியும் உறைபனி. லென்ஸ் சென்னையில் வாடகைக்கு எடுத்தது. இந்த வாடகை விஷயம் பின்னால் வரும்.

முதல் நாள் காலை

காரின் வெப்பமானி மைனஸ் 21 காட்டியது. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, லென்ஸைக் குழந்தைபோல் பின்னிருக்கையில் படுக்கவைத்துக்கொண்டு போனோம். குளிர் அதற்கு ஆகாது என்ற அக்கறை. ஆறு மணிக்குப் பாலத்தில் இறங்கி முக்காலியில் மாட்டி, 6:12-க்கு முதல் படம் எடுத்தேன். கை விறைத்தபோதெல்லாம் லென்ஸோடு காருக்குள் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அப்படி மூன்று முறை. சூரியன் மரங்களின் உறைபனியில் பட்டு ஆவி பொன்னிறமானபோது பாலத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஷட்டர் சத்தம் மட்டும். ஏழே முக்காலுக்கு மேல் கொக்குகள் இரண்டும் மூன்றுமாக எழும்பின. சில எங்கள் தலைக்கு நேர்மேலே பறந்து போயின.

இரவில் திரையில் பார்த்தது வேறு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. இறகின் ஓரங்கள் தண்ணீருக்குள் கிடக்கும் காசுபோல நெளிந்திருந்தன.

"தம்பி, லென்ஸ் கோளாறு. தெரிந்தே கொடுத்துவிட்டான்" என்றார் அண்ணன். வாடகைக்குக் கொடுத்தவரை அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்கூட எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

சந்தேகத்துக்குரியவர்கள்

கடிதத்தோடு ஆதாரமாக அனுப்ப மோசமான படங்களைப் பொறுக்கியபோதுதான் சந்தேகம் வந்தது. லென்ஸின் கண்ணாடி நகர்ந்திருந்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். இங்கே ஒரே நொடியில் எடுத்த பத்துப் படங்களில் ஒன்றில் மரக்கிளை இடப்பக்கம் நெளிந்திருந்தது, அடுத்ததில் வலப்பக்கம், அதற்கடுத்ததில் நடுவில் மட்டும் தடித்திருந்தது. லென்ஸ் பழுது இப்படி நொடிக்குப் பத்து முறை மனம் மாறாது.

கை நடுக்கமா? ஷட்டர் வேகம் 1/1600. மேலும், ஆட்டம் என்றால் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியதா? தவறினால் கொக்குக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு கல், ஒரு புல் கூர்மையாக இருக்கும். தேடினேன், எதுவும் இல்லை. முன்கண்ணாடியில் பனி பூத்திருந்ததா? அப்படியென்றால் படம் முழுவதும் பால் ஊற்றினாற்போல் வெளுத்திருக்கும். எங்கள் படங்களில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

நெளிவு என்றால் காற்று. கோடையில் தார்ச் சாலைமேல் தெரியும் கானல்தான் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெதுவெதுப்பான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். இரண்டும் கலந்து புரளும் இடத்தின் வழியே பார்த்தால் பொருள் நடனமாடும். ஆற்றுநீர் பூஜ்யத்துக்கு மேல், காற்று மைனஸ் 21. அந்த ஆவி வழியாகத்தானே படம் எடுத்தோம்? முடிந்தது வழக்கு, ஆறுதான் குற்றவாளி என்று படுக்கப் போயிருப்போம்.

தூங்கவிடாதது ஒரே ஒரு படம். 7:52-க்குத் தலைக்கு மேலே பறந்த கொக்கு. தூரம் முப்பது மீட்டர்கூட இருக்காது. நடுவில் ஆறும் இல்லை, ஆவியும் இல்லை, தெளிந்த வானம். அதுவும் நெளிந்திருந்தது. அப்படியானால் புரளும் காற்று ஆற்றின்மேல் மட்டும் இல்லை, எங்களோடும் வந்திருக்கிறது. நேரக் குறிப்புகளை வரிசையாகப் பார்த்தேன். காரிலிருந்து வெளியே வந்த உடனே எடுத்தவை படுமோசம். நீண்ட நேரம் வெளியே நின்ற பிறகு எடுத்தவை கொஞ்சம் பரவாயில்லை. மறுபடி காருக்குள் போய் வந்தால் மறுபடி படுமோசம்.

டப்பாக் காப்பி இயந்திரம்

இரவு ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் சோதனை. வெளியே மைனஸ் 17. எதிர்ச்சாரியில் காசு போட்டால் டப்பாக் காப்பி தரும் இயந்திரம் ஒன்று வெளிச்சமாக நின்றது, ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி. 22 டிகிரி அறையிலிருந்து லென்ஸை எடுத்துவந்து முக்காலியில் மாட்டி, கேமராத் திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கினேன். டப்பாக்களின் மேலிருந்த எழுத்துகள் கொதிக்கும் உலைக்குள் அரிசிபோல் குதித்தன.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்பான ஹூட்டைக் கழற்றினேன். குதிப்பு பாதியாகக் குறைந்தது. மாட்டினேன், திரும்ப வந்தது. அந்த ஹூட் முக்கால் முழக் குழாய். அதற்குள் அறைச் சூட்டில் ஊறிய கண்ணாடி உட்கார்ந்து காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேறத் துடிக்கிறது, மைனஸ் 17 காற்று உள்ளே நுழைகிறது, இரண்டும் கண்ணாடியின் முகத்துக்கு முன்னாலேயே மல்லுக்கட்டுகின்றன. லென்ஸின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கும் அந்தச் சண்டை, ஆயிரம் அடிக்கு அப்பால் நடப்பதைவிட அதிகமாகக் கெடுக்கும்.

"இயந்திரமே சூடுதானே? கானல் அங்கிருந்து வரலாமே?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் லென்ஸைப் பாதுகாத்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடத்தில் எழுத்துகள் மெதுவாக ஆடின. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கல்வெட்டுபோல் நின்றன. இயந்திரம் அப்போதும் சூடாகத்தான் இருந்தது. ஹூட்டை மாட்டினேன், அப்போதும் ஆடவில்லை. மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள கண்ணாடியும் உலோகமும் ஆற அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. காலையில் நாங்கள் அதற்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தொடர்ந்து கொடுக்கவே இல்லை.

வாடகைக் கடிதத்தை அங்கேயே அழித்தேன். அந்த இரவு லென்ஸ் பையோடு காரின் பின்புறப் பெட்டியில் தூங்கியது. அதன் விலையை நினைத்து நான்தான் தூங்கவில்லை.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தலைகீழ்ப் பாடம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏசி காரில் லென்ஸை வைத்துக்கொண்டு வேடந்தாங்கலில் இறங்கினால் கண்ணாடி உடனே வியர்த்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலுள்ள ஈரக்காற்று படிந்து நீராகும். அது நமக்குப் பழக்கம். ஹொக்கைடோவில் அதே விபத்து அறைக்குத் திரும்பும்போது நேர்கிறது. முதல் நாள் மதியமே அண்ணனுக்கு அது நேர்ந்துவிட்டது. பாலத்திலிருந்து வந்தவர் கேமராவைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன்மேல் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரை நிமிடத்தில் கேமரா முழுவதும் வெள்ளையாகப் பனி பூத்து, பிறகு உருகி, பொத்தான்களின் இடுக்கில் நீராக நின்றது. துடைக்கத் துடைக்க வந்தது. விடுதி அம்மாள் ஓடிவந்து, பெரிய பாலிதீன் பை ஒன்றைக் காட்டி, வெளியே கைநீட்டினார். இங்கே அல்ல, வெளியிலேயே பையில் போட்டுக் கட்டிவிட்டு அப்புறம் உள்ளே கொண்டுவா என்பது அந்தச் சைகையின் பொருள். பைக்குள் அடைபடுவது வெளியிலுள்ள வறண்ட காற்று. அறையின் ஈரம் பையின் மேற்பரப்பில் படிந்து அதோடு நின்றுவிடும். நான்கு மணி நேரம் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும். ஆவல் தாங்காதவர்கள் மெமரி கார்டை முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. அண்ணனின் லென்ஸுக்குள் புகுந்த மூட்டம் விலக ஒன்றரை நாள் ஆனது.

இரண்டாம் நாள், என் மூச்சு

மைனஸ் 23. ஐந்தரைக்கே பாலத்துக்குப் போய், லென்ஸை வெளியே நிறுத்திவிட்டோம். நாங்கள் காருக்குள் போகலாம், அது வரக்கூடாது என்று ஒப்பந்தம். ஆறரை மணிக்குத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கரையோரச் சுள்ளியில் உறைபனி ஊசி ஊசியாகத் தெரிந்தது.

அப்போது முன்கண்ணாடியில் ஒரு துளிப் பனித்துகள் வந்து உட்கார்ந்தது. யோசிக்கவே இல்லை. முப்பது வருடமாகக் கண்ணாடியில் தூசி கண்டால் செய்வதைச் செய்தேன். வாயைக் குவித்து ஊதினேன்.

மூச்சின் ஈரம் அந்த நொடியே கண்ணாடிமேல் பனிக்கட்டியாகப் பரவியது, பெரணி இலைபோன்ற கோலத்தோடு. அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துணியால் தேய்த்தால் கீறிவிடும் என்று பயம். காருக்குள் கொண்டுபோனால் ஒரு மணி நேரக் காத்திருப்பு பாழ். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. சூரியன் ஆவிக்குள் நுழைந்த அருமையான பொழுது முழுவதும் நான் லென்ஸுக்கு முன்னால் பூசாரிபோல் கை குவித்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெரியவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்த மெல்லிய தூரிகையை எடுத்துக் காட்டினார். உலர்ந்த பனி தூரிகை பட்டாலே உதிர்ந்துவிடும். அந்த ஊரில் மூச்சை வைத்து எதையும் சுத்தம் செய்யக்கூடாது. வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போதுகூட அவர் முகத்தைச் சற்றுத் திருப்பி, பக்கவாட்டில் மூச்சு விட்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதே கையின் ஆள்காட்டி விரல் நுனி மெழுகுபோல் வெளுத்து, உணர்ச்சி இல்லாமல் போனது. அக்குளில் வைத்துச் சூடாக்கியபோது வந்த வலியை எழுத விருப்பமில்லை. தேய்க்காமல் விட்டதால் தப்பித்தேன். உலோக முக்காலியை வெறுங்கையால் தொட்டதும் ஒரு காரணம். மூன்றாம் நாள் அதன் கால்களுக்குச் சமையலறைப் பஞ்சை டேப் வைத்துச் சுற்றினோம்.

பேட்டரி மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. எங்கள் சாமான்களில் சூட்டை உண்மையிலேயே விரும்புவது அது ஒன்றுதான். லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் கெட்டிப்பட்டு, அயனிகள் மெதுவாக நகரும். மின்தடை கூடி, மின்னழுத்தம் இறங்கும். கேமரா அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று எண்ணி நின்றுவிடும். முதல் நாள் 40 சதவீதம் காட்டிய பேட்டரி அடுத்த நிமிடமே செத்தது. குப்பை என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டேன். அரை மணியில் அது மறுபடி 35 காட்டியது. அதன்பின் மூன்று பேட்டரிகளை உள்பனியனை ஒட்டிய பையில் வைத்து, மாற்றி மாற்றிப் போட்டோம். கையைச் சூடாக்கும் ரசாயனப் பொட்டலத்தைப் பேட்டரியோடு இறுக்கமான டப்பாவில் அடைத்து அண்ணன் ஒரு முயற்சி செய்தார். அது வேலை செய்யவில்லை. இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிப்பதில்தான் அந்தச் சூடு வருகிறது, மூடினால் அணைந்துவிடும்.

வெளிச்சக் கணக்கில் புதிதாக ஒன்றுமில்லை. வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்சத்தை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டினோம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). வெயில் ஏறியதும் கொக்கின் முதுகில் விவரம் எரிந்துபோகாமல் இருக்கக் குறைத்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லென்ஸ் ஆறிய பிறகும் தூரத்துக் கொக்குகள் முழுக் கூர்மைக்கு வரவில்லை. ஆற்றின் ஆவி எழுப்பும் நெளிவு அப்படியே இருந்தது. வெயில் ஏற ஏறக் கூடியது. அதற்கு மருந்து கிடையாது. முதல் நாள் நான் ஆற்றைச் சந்தேகித்தது தவறல்ல. ஆறு ஒரு பங்காளி மட்டுமே. பெரும்பங்கு எங்கள் கார் ஹீட்டருடையது.

மூன்றாம் நாள்

அதனால் மூன்றாம் நாள் பாலத்தில் விடியலுக்கு முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் மட்டும் நின்றுவிட்டு, ட்சுருயியின் தீவனத் திடல்களில் ஒன்றுக்குப் போனோம். அங்கே ஐம்பது மீட்டருக்குள் கொக்குகள் வந்து நிற்கும். நடுவில் ஆறு இல்லை, வெறும் பனித்தரை. காரில் ஹீட்டரை அணைத்து, பின்கண்ணாடியை இறக்கிவைத்துப் போனோம். அண்ணன் வழியெல்லாம் என்னைத் திட்டினார்.

எட்டே கால் மணி, மைனஸ் 19. வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்தது. பின்னால் நிழலில் கிடந்த கருங்காடு. ஒரு ஜோடி கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, அலகை வானத்துக்கு நீட்டிச் சேர்ந்து கத்தியது. இந்தக் கொக்கின் ஜோடிப் பாட்டில் ஆண் ஒரு முறை கூவினால் பெண் இரண்டு முறை பதில் சொல்லும். காதால் கேட்டு அறிந்துகொள்ளும் விஷயம் இது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. இடப்பக்க அலகிலிருந்து ஒரே நீளமான ஆவிக்கீற்று. வலப்பக்க அலகிலிருந்து சின்னச் சின்னதாக இரண்டு, ஒன்றின் பின் ஒன்றாக, நடுவில் ஒரு நூலிழை இடைவெளி. எது ஆண், எது பெண் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலகின் ஓரத்தில் உறைந்திருந்த துளியும் தெரிந்தது.

அன்று 410 படங்கள் எடுத்ததில் எழுபதுக்கும் மேல் வைத்துக்கொண்டேன். பாலத்தில் எடுத்தவற்றில் ஒன்பது.

நான்காம் நாள் மேகம் மூடி, வெப்பம் மைனஸ் 6-க்கு ஏறியது. ஆற்றில் ஆவி இல்லை, மரத்தில் உறைபனி இல்லை. கைக்கு ஒற்றை உறை போதுமாக இருந்தது, பேட்டரியும் நாள் முழுவதும் நின்றது. பாலத்தில் எங்களைத் தவிர இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஏழு மணிக்கெல்லாம் அவர்களும் முக்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.